காம்பியா பிறந்த கதை

1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் தளபதி பெய்லியின் கிழக்கிந்தியக் கும்பினிப் படையை ஐதர் அலியும் திப்புவும் துடைத்தெறிந்தார்கள். காஞ்சியில் முகாமிட்டிருந்த இன்னொரு கும்பினித் தளபதி மன்றோ, கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னையை நோக்கிப் பின்வாங்கினார். இது நம் ஊர்ப்பக்கம் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஐதரைச் சீண்டியது, பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிரிட்டிஷார் 1779இல் மாஹேயைப் பறித்த செயல். அதே ஆண்டு, அதே இரு வல்லரசுகள், மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல், காம்பியா ஆற்று முகங்களிலும் ஒருவர் கோட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பிரிட்டிஷ்-பிரெஞ்சுப் போரை முடித்துவைத்தது 1783ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கை. புதுச்சேரியும் காரைக்காலும் பிரான்சுக்குத் திரும்பின. செனகல் ஆறும் பிரான்சுக்கு. காம்பியா ஆறு பிரிட்டனுக்கு. வில்லியனூர், பாகூர் வட்டாரங்களின் தலையெழுத்தும் காம்பியாவின் தலையெழுத்தும் ஒரே உடன்படிக்கையில் எழுதப்பட்டன. ஆனால் காம்பியா ஆற்றின் வடகரையில் அல்பிரடா என்ற சிறு வணிகத்தலம் மட்டும் பிரான்சிடமே தங்கியது. வடக்கே, பாலைவனக் கரையில் உள்ள போர்ட்டெண்டிக்கில் பிசின் வாங்கும் உரிமை பிரிட்டனுக்குக் கிடைத்தது.

பிசினுக்கு அவ்வளவு மதிப்பா என்றால், ஆமாம். நம் கருவேலமரத்தின் உறவுக்கார மரம் ஒன்று சகாராவின் ஓரத்தில் வளர்கிறது. அதன் பிசின்தான் ஐரோப்பியத் துணி அச்சடிப்பில் சாயத்தைக் கெட்டியாக்கியது. அதை விற்ற பாலைவன மூர்கள் வெள்ளிக்காசைவிட விரும்பிக் கேட்டது புதுச்சேரியிலிருந்து போன நீலத்துணியை. கினே என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைத்த அந்தப் பருத்தித் துணி செனகல் ஆற்றங்கரையில் பணமாகவே புழங்கியது. இத்தனை பிசினுக்கு இத்தனை துணி என்றுதான் விலை பேசினார்கள்.

அவுரித் தொட்டியில் துணியை முக்கி எடுக்கும்போது அது பச்சையாகத்தான் வெளியே வரும். காற்றுப் பட்ட பிறகே நீலம் ஏறும். மறுபடி முக்கி, மறுபடி உலர்த்தி, கருநீலம் வரும்வரை விடமாட்டார்கள். உடுத்தினால் சாயம் தோலில் ஒட்டும். மூர்கள் அதைக் குறையாகவே எண்ணவில்லை. துணியை முகர்ந்து பார்த்தே அசலா போலியா என்று சொல்லிவிடுவார்களாம். ஐரோப்பிய ஆலைகள் மலிவாகப் போலி செய்து அனுப்பியும் நெடுங்காலம் எடுபடவில்லை. நம் சாயக்காரர் கைத்திறனுக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. அவர்களில் ஒருவர் பெயரைக்கூட யாரும் எழுதிவைக்கவில்லை என்பது நெஞ்சை உறுத்துகிறது. அவர்கள் சாயமேற்றிய துணியைக் கொடுத்து வாங்கிய பிசினே ஐரோப்பிய அச்சுத்துணிக்கு உதவி, நம் நெசவாளர் சந்தையையும் தின்றது.

1857இல் ஒரு பண்டமாற்று நடந்தது. போர்ட்டெண்டிக் பிசின் உரிமையைப் பிரிட்டன் விட்டுக்கொடுக்க, அல்பிரடாவைப் பிரான்ஸ் ஒப்படைத்தது. ஆற்றின் முகம் முழுவதும் ஒரே கைக்கு வந்தது அப்போதுதான். காம்பியா என்ற நாட்டுக்கு உருவம் கிடைக்கத் தொடங்கிய இடம் இதுவே என்பேன்.

1870களில் காம்பியாவையே பிரான்சிடம் கொடுத்துவிட்டு வேறு நிலம் வாங்கப் பிரிட்டன் பேரம் பேசியது. எதிர்ப்புக் கிளம்பியதால் நின்றுபோனது. 1889 ஆகஸ்டில் பாரிஸில் கோடு போட்டார்கள்: ஆற்றின் இரு கரையிலும் ஏறத்தாழ பத்துப் பத்து கிலோமீட்டர். மாண்டிங்கா, வோலோஃப், ஃபூலா மக்கள் அந்தக் கோட்டின் இருபுறமும் சிதறினார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

1965 பிப்ரவரி 18இல் விடுதலை. தலைநகர் பஞ்சுல். பரப்பு சுமார் 11,300 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பதினொன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் இதைவிடச் சிறிய நாடு கிடையாது. கடற்கரை தவிர மூன்று பக்கமும் செனகல். நிலக்கடலையே நெடுங்காலம் முக்கிய விளைச்சல். 1982இல் இரு நாடுகளும் கூட்டமைப்பாகச் சேர்ந்து, 1989இல் பிரிந்தன. செனகலின் வடபகுதியிலிருந்து தென்பகுதிக்குப் போகும் லாரிகள் காம்பியாவுக்குள் புகுந்து, படகுத்துறையில் நாள்கணக்கில் காத்துக் கிடந்தன. ஃபராஃபென்னி அருகே ஆற்றின் குறுக்கே பாலம் திறந்தது 2019 ஜனவரியில்தான்.