நிறம் சீக்கிரம் வரும்... வயசு வராது! வீட்டு ஓக் பீப்பாய்க்கு ஒரு கைடு

காய்ச்சி வடித்து இறக்கும்போது விஸ்கி தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல்தான் இருக்கும். அந்தப் பொன்னிறம், வெனிலா வாசனை, தொண்டையில் இறங்கும்போது தெரியும் மென்மை... இதில் பெரும்பங்கு ஓக் மரப் பீப்பாய் கொடுப்பது. அதே வேலையை 1, 2, 5 லிட்டர் குட்டிப் பீப்பாய்களில் வீட்டிலேயே செய்து பார்ப்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலருக்குப் பொழுதுபோக்கு. 2010 வாக்கில் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில், கிளைட் காமன் பாரில் ஜெஃப்ரி மார்கன்தாலர் காக்டெயிலையே பீப்பாயில் ஊறவைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். அதன்பிறகு இந்த ஆசை இன்னும் பரவியது.

இப்படி ஒரு பீப்பாய் உங்கள் கைக்கு வந்தால் என்ன செய்யணும், எதை எதிர்பார்க்கக் கூடாது? பார்ப்போம்.

மரத்துக்குள்ள என்ன நடக்குது?

பீப்பாயின் உட்புறத்தை நெருப்பால் கருக்கியிருப்பார்கள். அந்தக் கரி, மதுவில் இருக்கும் கந்தக நாற்றத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கரிக்குப் பின்னால் இருக்கும் மரத்தில் சூடு பட்டு, சர்க்கரைப் பொருள்கள் கேரமல் ஆகியிருக்கும். லிக்னின் உடைந்து வெனிலின் வந்திருக்கும். தேங்காய் மணத்துக்கும் ஓக்கில் இருக்கும் ஒரு பொருள்தான் காரணம். மது இவற்றையெல்லாம் கரைத்து இழுத்துக்கொள்கிறது. இது முதல் வேலை.

இரண்டாவது வேலை, மரத்தின் வழியே நுழையும் காற்று செய்வது. அது மதுவோடு மெதுவாக வினைபுரிந்து காரத்தைக் குறைத்து, புது மணங்களை உண்டாக்கும். இதற்கு மாதங்கள் போதாது, வருடங்கள் வேணும். ஸ்காட்ச் விஸ்கிக்குக் குறைந்தது 3 வருட முதிர்வு என்று சட்டமே இருக்கிறது.

சின்னதா இருந்தா சீக்கிரமா?

வழக்கமான போர்பன் பீப்பாய் சுமார் 200 லிட்டர். அதே வடிவத்தில் 2 லிட்டர் பீப்பாய் செய்தால், ஒவ்வொரு லிட்டர் மதுவுக்கும் கிடைக்கும் மரப்பரப்பு நாலரை மடங்குக்கும் மேல். அதனால் முதல் வேலை படுவேகமாக முடியும். இரண்டாவது வேலை அதே வேகத்துக்கு வராது.

நறுக்கிய மாங்காயில் உப்பும் காரமும் ஒரு மணி நேரத்தில் ஏறிடும். ஆனா, மாசக்கணக்கில் ஊறிய ஊறுகாயின் ருசி அதுக்கு வருமா? அதே கதைதான்.

கென்டக்கியின் பஃபலோ டிரேஸ் நிறுவனம் இதைச் சோதித்தே பார்த்தது. 5, 10, 15 கேலன் பீப்பாய்களில், அதாவது சுமார் 19, 38, 57 லிட்டரில், போர்பனை ஊற்றி ஆறு வருடங்கள் வரை காத்திருந்தார்கள். புகையும் மரச்சுவையும் ஏறியதே தவிர முதிர்ச்சி வரவில்லை, சோதனை தோல்வி என்று 2012-ல் அவர்களே அறிவித்தார்கள்.

ஆகவே, உங்கள் குட்டிப் பீப்பாயிடம் '12 வருட விஸ்கி' கேட்காதீர்கள். மரத்தின் மணம் கேளுங்கள், தாராளமாகத் தரும்.

எப்படிச் செய்வது?

* முதலில் தண்ணீர்: காய்ந்த பீப்பாய் ஒழுகும். வெந்நீர் நிரப்பி, தினமும் மாற்றி, ஒழுகல் நிற்கும்வரை இரண்டு மூன்று நாள்கள் விடுங்கள். மரம் ஊறி இடைவெளிகள் தானாக அடைபடும்.

* எதை ஊற்றலாம்? முதிராத வெள்ளை ரம், வெள்ளை டெக்கீலா, நிறமில்லாத விஸ்கி போன்றவை நல்லது. ஏற்கெனவே முதிர்ந்த விலையுயர்ந்த பாட்டிலை ஊற்றி வீணாக்காதீர்கள். பால், க்ரீம், முட்டை, பழச்சாறு சேர்ந்த எதுவும் பீப்பாய்க்குள் போகக் கூடாது; கெட்டுப்போகும்.

* எங்கே வைப்பது? வெயில் படாத, குளிர்ந்த இடம். அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம், ஆல்கஹால் தீப்பிடிக்கும். வாரம் ஒருமுறை கால் சுற்று திருப்பி வையுங்கள்.

* எப்போது எடுப்பது? இதுதான் முக்கியம். முதல் வாரத்திலிருந்தே வாரம் ஒரு ஸ்பூன் ருசி பாருங்கள். புதுப் பீப்பாயில் சில வாரங்களே போதும். நாக்கில் மரத்தூள் கசப்பும் துவர்ப்பும் தட்டினால் தாண்டிவிட்டது என்று அர்த்தம். 'இன்னும் ஒரு மாசம் இருக்கட்டும்' என்ற ஆசைதான் பலரின் பீப்பாயைக் கெடுக்கிறது.

* எடுத்த பிறகு: காபி ஃபில்டர் பேப்பரில் வடிகட்டி, கண்ணாடி பாட்டிலில் அடையுங்கள். அதோடு மரத்தின் வேலை நின்றுவிடும். பீப்பாயைக் காயவிடாமல் உடனே அடுத்ததை ஊற்றுங்கள். ஒவ்வொரு முறையும் மரத்தின் வீரியம் குறையும், அதனால் காத்திருக்கும் காலம் கூடும்.

அளவு குறையுதே?

பயப்படாதீர்கள், யாரும் திருடவில்லை. மரத்தின் வழியே ஆவியாகும் இந்தப் பங்கை 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். ஸ்காட்லாந்தில் அது வருடத்துக்குச் சுமார் 2 சதவிகிதம். பெங்களூரின் அம்ருத் விஸ்கி ஆலையிலோ 10 சதவிகிதத்தைத் தாண்டும், காரணம் நம்ம ஊர் வெப்பம். குட்டிப் பீப்பாயில் இழப்பு இன்னும் அதிகம்.

இதில் மட்டும் விளையாட வேண்டாம்!

பீப்பாயில் ஊற்றுவது உரிமம் பெற்ற கடையில் வாங்கிய, சீல் உடையாத பாட்டிலாக மட்டுமே இருக்கணும். 'மரத்தில் ஊறினால் சுத்தமாகிடும்' என்று நம்பிக் கள்ளச்சாராயத்தை ஊற்றாதீர்கள். மெத்தனாலை எந்த ஓக்கும் நீக்காது; நிறம் மாறும், விஷம் அப்படியே இருக்கும். 2024-ல் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது அந்த மெத்தனால்தான்.

வீட்டில் காய்ச்சி வடிப்பது நம்ம ஊரில் குற்றம். வாங்கிய மதுவை எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கும் இடத்துக்கு இடம் வரம்பு உண்டு. பீப்பாய் வாங்கும் முன்பே அதை விசாரித்துவிடுங்கள்.

பீப்பாயில் ஊறினாலும் மது மதுதான், உடல்நலத்துக்குக் கேடுதான். ருசி பார்க்கும் ஸ்பூன், டம்ளர் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!