தோலை மென்மையாக்குவது எது?

மார்கழிப் பனியில் கைகால்களின் தோல் வெளுத்து வரிவரியாகப் பிளக்கும்பொழுது, வீட்டிலுள்ள பெரியோர் எண்ணெய்க் கிண்ணத்தைத்தான் தேடுவர். வறண்ட தோலை மென்மையாக்குவது எது என்று வினவினால், எண்ணெயே என்று எவரும் ஐயமின்றி விடை பகர்வர். மேனாட்டு மருத்துவ உலகமும் நெடுங்காலம் அவ்வாறே கருதி வந்தது. அக்கருத்தை மாற்றிய ஓர் எளிய சோதனையைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் புகழுடன் விளங்கியவர் கேலன் என்னும் கிரேக்க மருத்துவர். தேன்மெழுகையும் ஒலிவ எண்ணெயையும் உருக்கி, அதில் நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து செய்த பூச்சு ஒன்று அவர் பெயரால் வழங்கிவருகிறது. பிற்காலத்தில் 'கோல்டு கிரீம்' எனப்பட்டது அதன் வழிவந்ததே. கலவையிலுள்ள நீர் ஆவியாகும்பொழுது தோல் குளிரும், பெயர்க்காரணம் அதுவே. ஆனால் மென்மை அளித்த பெருமை முழுவதையும் எண்ணெயும் மெழுகுமே பெற்றன. நீரை யாரும் பொருட்படுத்தவில்லை!

1859ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், டைட்டஸ்வில் என்னும் ஊரில் பெட்ரோலியக் கிணறு தோண்டப்பட்டது. அங்குச் சென்ற ராபர்ட் செஸ்பரோ என்ற இளம் வேதியியலார், குழாய்த் தண்டுகளில் ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுத்த ஒரு மெழுகைத் தொழிலாளர் வெட்டுக்காயங்களுக்கும் தீப்புண்களுக்கும் பூசுவதைக் கண்டார். அதனைத் தூய்மைப்படுத்தி 1872இல் காப்புரிமை பெற்றார். வாசலின் பிறந்த கதை இதுதான். 1911இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நிவியா வெளிவந்தது. ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுத்த ஒரு பொருளின் துணையால், எண்ணெயும் நீரும் பிரியாது நிற்கும் பூச்சு அது. இவையெல்லாம் நல்ல பயனே தந்தன. எனினும் எதனால் பயன் தந்தன என்பது விளங்கவில்லை.

விளக்கம் பாஸ்டன் நகரிலிருந்து வந்தது. இர்வின் பிளாங்க் என்னும் அறிஞர் 1952இல் வெளியிட்ட ஆய்வு அது. அவர் கையாண்ட பொருளோ, காலில் காய்த்துத் தடித்த தோலின் துண்டுகள்! நாம் வெட்டி எறிந்துவிடும் அந்தக் காய்ப்பு, தோலின் மேற்புறத்திலுள்ள உயிரற்ற படலமே அன்றி வேறன்று. அத்துண்டுகளை உலர்த்தினார், அவை விறைத்து, வளைத்தால் ஒடியும் நிலையை அடைந்தன. பின்னர் அவற்றை எண்ணெயில் ஊறவைத்தார். துண்டுகள் சிறிதும் இளகவில்லை. வாசலினும் கம்பளிக் கொழுப்பும் அவ்வாறே தோற்றன. நீர் பட்டதும் அதே துண்டு தோல்வார் போல வளைந்து கொடுத்தது. படலத்தின் நீரளவு ஏறக்குறைய நூற்றுக்கு 10 பங்குக்குக் கீழே இறங்கினால் அது விறைத்துவிடும் என்றும் கண்டார். இத்துணைச் சிறிய சோதனையை அதற்கு முன் எவரும் செய்து பாராததே எனக்கு வியப்பாக இருக்கிறது.

அப்படியானால் எண்ணெய் வீணா? அன்று. தோலில் உள்ள நீர் ஓயாது ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. குளிர்ந்த, வறண்ட காற்று அதனை விரைந்து கவர்கிறது. கொதிக்கக் கொதிக்க வெந்நீரும் காரமான சோப்பும் தோலுக்கே உரிய கொழுப்பைக் கரைத்து, நீர் வெளியேற வழி திறந்து விடுகின்றன. எண்ணெய் அவ்வழியை அடைக்கும் மூடி. நீரில்லாத பானைக்கு மூடியிட்டு என்ன பயன்? ஆதலின் மிதமான வெந்நீரில் சுருக்கமாகக் குளித்து, துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் முற்றும் காய்வதற்குள் எண்ணெயோ வாசலினோ பூச வேண்டும். நம் எண்ணெய் முழுக்கில் முன்னர்த் தேய்த்துப் பின்னர்ச் சீயக்காயால் போக்கிவிடுகிறோம். அம்முழுக்கின் இன்பத்தை நான் மறுப்பவன் அல்லேன். ஆனால் வறட்சி நீங்க வேண்டுமாயின், குளித்த பின்னும் சில துளிகள் தேவை.

இது அழகு பற்றிய பேச்சு மட்டுமன்று. 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் குன்றுவதற்குக் காரணம் சதை தானே அழுகுவது அன்று, வலியை உணராமையால் நேரும் காயங்களே என்று எடுத்துக்காட்டினார். நரம்பு கெட்ட பாதத்தில் வலி மட்டுமா இல்லை? வியர்வையும் இல்லை. அத்தோல் வறண்டு வெடிக்கிறது. வெடிப்பு வழியே கிருமி புகுந்து எலும்பு வரை செல்கிறது. முடிவில் காலையே இழக்க நேரிடுகிறது. அதனால் தொழுநோய் மருத்துவத்தில் நாள்தோறும் செய்யக் கற்பிக்கும் பணி ஒன்றுண்டு. பாதத்தைச் சாதாரண நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, காய்ப்பை மெல்லத் தேய்த்து அகற்றி, ஈரம் உலருமுன் எண்ணெய் தடவ வேண்டும். வெந்நீர் கூடாது, சுடுவது அக்காலுக்குத் தெரியாது.

பித்தவெடிப்பு என்று நாம் அழைப்பதும் வறட்சியும் உடற்பாரமும் சேர்ந்து குதிகாலைப் பிளப்பதே. பித்தத்தின்மேல் பழி போடுவது பொருந்தாது. நீரிழிவு உடையவர் வீட்டில் இருந்தால் அவர் குதிகாலை நாள்தோறும் பார்ப்பது நன்று. அவர்களுக்கு மட்டும் நெடுநேரம் ஊறவைத்தலை மருத்துவர் விலக்குவர். கழுவி, விரலிடுக்குகளை நன்றாகத் துடைத்து, அவ்விடுக்குகள் நீங்கலாக மற்ற இடங்களில் பூச்சைத் தடவ வேண்டும். வெடிப்பில் சிவப்போ கசிவோ கண்டால் கிண்ணத்தை வைத்துவிட்டு அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.