வைரி என்றொரு கப்பல்

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படையின் கணக்கேட்டில் கொங்கு நாட்டுக்கு இரண்டு கப்பல்கள் இருந்தன. பீளமேட்டில் இருந்தது எச்.எம்.எஸ். கருடா, சூலூரில் இருந்தது எச்.எம்.எஸ். வைரி. இரண்டும் தண்ணீரைத் தொட்டதில்லை. கோயமுத்தூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 400 மீட்டர் உயரத்தில் உள்ளது; மேற்குக் கடற்கரை நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். கருடா 1942 அக்டோபரில் தொடங்கப்பட்ட கடற்படை விமானப் பழுதுபார்ப்பு நிலையம். வைரி 1945 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட கடற்படை விமானத் தளம்.

நிலத்தில் இருக்கும் முகாமுக்குக் கப்பல் என்று பெயர் வைப்பதற்குச் சட்டக் காரணம் உண்டு. பிரிட்டிஷ் கடற்படையின் ஒழுங்குச் சட்டம், ஏதாவது ஒரு கப்பலின் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களைத்தான் கட்டுப்படுத்தும். ஆகவே கரையில் வேலை செய்கிறவனுக்கும் ஒரு கப்பல் வேண்டும். பெயரோடு பேச்சும் கூடவே வந்தது. கடற்படை வழக்கில் அப்படிப்பட்ட முகாமின் தரை ‘தளம்’, சுவர் ‘தடுப்புப் பலகை’. வாசலைத் தாண்டி ஊருக்குள் போவது ‘கரைக்குப் போவது’. பீளமேட்டிலிருந்து கோவைக் கடைவீதிக்குப் போன மாலுமியும் அந்த மொழியில் கரை இறங்கியவன்தான்.

பெயர்கள் வந்த இடம் இன்னும் கவனிக்கத்தக்கது. கீழைக் கடலில் அமைத்த விமானத் தளங்களுக்கு அந்தந்த மண்ணின் சொற்களையே, பெரும்பாலும் பறவைப் பெயர்களையே, கடற்படை எடுத்துக்கொண்டது. கொச்சியில் ‘கழுகு’, தாம்பரத்தில் ‘வல்லூறு’, இலங்கையின் புத்தளத்தில் ‘ராஜாலிய’, கட்டுகுருந்தவில் ‘உக்குஸ்ஸா’, கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலில் ‘பேருண்டா’. சூலூருக்குக் கிடைத்த வைரி, ஓணானையும் எலியையும் சிறு பறவைகளையும் அடித்துத் தின்னும் சின்ன வேட்டைப் பறவை. தோட்டத்து வேப்பமரத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்து, கண் இமைக்கும் நேரத்தில் பாய்ந்து திரும்பும். அதே சொல்லுக்குப் பகைவன் என்றும் பொருள் உண்டு. பெயரைத் தேர்ந்தெடுத்தவருக்கு அந்த இரண்டாம் பொருள் தெரிந்திருந்ததோ இல்லையோ, 1942-இல் சூலூர் வட்டாரம் இருந்த மனநிலைக்கு அது பொருந்தியே இருந்தது.

கடற்படையை உள்நாட்டுக்குத் தள்ளியது 1942 ஏப்ரல் மாதம். மார்ச் 8-இல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. அதே மாதம் அந்தமானும் வீழ்ந்தது. ஏப்ரல் 5-இல் கொழும்பின் மீதும், 6-இல் விசாகப்பட்டினம், காக்கிநாடா மீதும், 9-இல் திருகோணமலை மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 9-ஆம் தேதியே ஹெர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. சென்னை நகரம் பாதி காலியானது. பிரிட்டனின் கீழைக் கப்பற்படை ஆப்பிரிக்கக் கரைக்குப் பின்வாங்கியது. விமானத்தைப் பிரித்துப் பழுதுபார்க்கும் இடம் கடலோரத்தில் இருப்பது ஆபத்து என்பது அதற்குப் பிறகு யாருக்கும் விளங்கும். கோவையோ கடலிலிருந்து தள்ளி இருந்தது. கொச்சித் துறைமுகத்தோடு ரயில் தொடர்பு இருந்தது. பைக்காரா மின்சாரம் இருந்தது. பஞ்சாலைகளில் பழகிய ஃபிட்டர்களும் கடைசல் பட்டறைக்காரர்களும் இருந்தார்கள்.

கருடா தொடங்குமுன்பே சூலூர் எரிந்தது. 1942 ஆகஸ்ட் 8-இல் பம்பாயில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறியதும் தலைவர்கள் கைதானார்கள். கோவை ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அதே மாதம் சிங்காநல்லூர் அருகே போர்ச் சரக்கு ஏற்றிவந்த ரயில் கவிழ்க்கப்பட்டது. ஆகஸ்ட் 26 இரவு, கட்டுமானத்தில் இருந்த சூலூர் விமானத் தளத்தின் கொட்டகைகளும் அங்கே நின்ற லாரிகளும் தீக்கிரையாகின. சூலூர், கண்ணம்பாளையம் முதலிய ஊர்களின் உழவர்களும் நெசவாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் அதில் இருந்தனர். பின்னால் வந்தது கடுமையான அடக்குமுறை. வீடு வீடாகத் தேடல், அடி, சிறை. சென்னை மாகாணத்தில் ஆகஸ்ட் போராட்டம் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இரவுக்கு ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வது நியாயமில்லை. ராணுவத் தளம் ஒன்றின் மீதே மக்கள் கைவைத்த அரிய நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

தீக்குப் பின் தளம் மறுபடி எழுந்தது. பகை விமானம் ஒன்றும் இந்தப் பக்கம் வரவில்லை. 1944 தொடக்கத்தில் கப்பற்படை திருகோணமலைக்குத் திரும்பியதும் கருடாவின் வேலை பெருகியது. அமெரிக்காவிடமிருந்து வந்த கோர்சேர், ஹெல்கேட் போன்ற விமானங்கள் அந்தப் படையின் பலம். விமானந்தாங்கிக் கப்பலின் விமானம் சாதாரண விமானம் அல்ல. கப்பலின் வயிற்றுக்குள் அடுக்கி வைக்க, அதன் இறக்கை கீலில் மடங்க வேண்டும். பிரிட்டிஷ் கப்பல்களின் கீழ்த்தளம் உயரம் குறைந்தது என்பதால், கோர்சேரின் ஒவ்வொரு இறக்கை நுனியிலும் சுமார் எட்டு அங்குலம் வெட்டிக் குறைத்தார்கள். கப்பல் தளத்தில் இறங்கும்போது கொக்கி கம்பியைப் பற்றி நிறுத்தும்; அந்த இழுப்பில் வால் எலும்பும் சக்கரக் கால்களும் நொந்துபோகும். அப்படி நொந்தவற்றைப் பிரித்து, மாற்றி, மீண்டும் பறக்கவிடுவதுதான் பழுதுபார்ப்பு நிலையத்தின் தொழில். 1944 ஏப்ரல் 19-இல் சுமத்ராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கிய போரின் பின்புறப் பட்டறை வரிசையில் பீளமேடும் இருந்தது.

சூலூருக்கு வடக்கே, கருமத்தம்பட்டியைத் தாண்டி, அப்போது அவினாசி தாலுகாவில் இருந்த அன்னூர் வட்டாரம் இந்தப் போரை வானத்தில்தான் பார்த்தது. மானாவாரிச் சோளமும் கம்பும் பருத்தியும் விளைந்த காடு, ஆழக் கிணறுகள், இரண்டு மாடு பூட்டிக் கவலை இறைக்கும் சத்தம். மாடு வாரியில் இறங்கும்போது சால் தண்ணீரோடு மேலே வரும், பின்னோக்கி ஏறும்போது காலியாகக் கிணற்றுக்குள் இறங்கும். அந்த மெதுவான தாளத்துக்கு மேலே, இறக்கை மடியும் கப்பல் விமானங்கள் சோதனைக்குப் பறந்தன. மண்ணெண்ணெயும் துணியும் கட்டுப்பாட்டில் இருந்தன, விலை ஏறியது. மற்றபடி கொங்கு நாடு நான்கு புறமும் போர் சூழ்ந்த அமைதியான தீவு போலவே இருந்தது.

அந்தத் தீவுக்குப் போர் வந்து சேர்ந்த இன்னொரு வழி சினிமா. கோவைக்கும் திரைக்கும் பழைய உறவு. வெரைட்டி ஹால் நிறுவிய சாமிக்கண்ணு வின்சென்ட் 1942 ஏப்ரலில், குண்டு பயம் உச்சத்தில் இருந்த அதே மாதத்தில், காலமானார். அந்த ஆண்டு அரசு கச்சா ஃபிலிமுக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது. அதாவது ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பதினெட்டாயிரம், இருபதாயிரம் அடி எடுத்துப் பழகிய தமிழ்ப் படக்காரர்களுக்கு இது பெரிய அடி. 1943-இல் ஃபிலிமுக்கு உரிமம் வாங்க வேண்டியதாயிற்று. போர் முயற்சிக்கு உதவும் படம் எடுங்கள் என்ற வற்புறுத்தலும் கூடவே வந்தது.

விளைவாக 1945-இல் தமிழில் போர்ப் படங்கள் வரிசையாக வந்தன. கே. சுப்ரமணியம் ‘மானசம்ரக்ஷணம்’ எடுத்தார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘பர்மா ராணி’ எடுத்தது. அதன் முதலாளி டி.ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர், இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவர். படத்தை இயக்கியதோடு ஜப்பானிய அதிகாரியாகவும் நடித்தார். ஜப்பானியர் பிடியில் உள்ள பர்மாவில் இறங்கிவிடும் இந்திய விமானப்படையினர், அவர்களுக்குத் துணை நிற்கும் ராணியாக கே.எல்.வி. வசந்தா என்று கதை போகும்.

காதலையும் சிரிப்பையும் முன்னால் நிறுத்தியது ஜெமினியின் ‘கண்ணம்மா என் காதலி’. கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய முதல் படம், எம்.கே. ராதாவும் சுந்தரிபாயும் நடித்தார்கள். தலைப்பு பாரதியின் கண்ணன் பாட்டிலிருந்து எடுத்தது. ஜப்பான் பர்மாவுக்குள் நுழையும் நேரம்தான் கதையின் பின்னணி. அதே நேரத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். காட்டு வழியிலும் மலை வழியிலும் பல்லாயிரவர் செத்தார்கள். அந்தத் துயரம் மூன்று ஆண்டுக்குள் காதல் நகைச்சுவைக்குப் பின்திரையானது என்பதைக் குறை சொல்வது எளிது. ஆனால் சுப்பு நாட்டுப்புறப் பேச்சும் பாட்டும் அறிந்தவர். அரசு கேட்டது பிரசாரம்; அவர் அதைக் காதலர் கதையாக்கி, கொட்டகை மக்கள் சிரித்துப் பார்க்கும்படி கொடுத்தார். அன்றைய நிலையில் அது கலைஞன் செய்யக்கூடிய நேர்மையான காரியமே.

இந்தப் படங்களின் ஆயுள் குறுகியது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. நவம்பரில் செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீது விசாரணை தொடங்கியது. மலேயாவிலும் பர்மாவிலும் அந்தப் படையில் சேர்ந்திருந்த தமிழர்கள் ஏராளம். ஊரெல்லாம் நேதாஜி படம் மாட்டிய நேரத்தில், ஜப்பானியரையும் அவர்களோடு நின்றவர்களையும் எதிரியாகக் காட்டும் கதைக்கு இடமில்லாமல் போனது. 1946-இல் கருடாவும் வைரியும் கலைக்கப்பட்டன.

பெயர்களில் சில பிழைத்தன. இந்தியக் கடற்படை 1953 மே மாதம் கொச்சியில் தொடங்கிய விமானத் தளத்துக்கு ஐ.என்.எஸ். கருடா என்று பெயரிட்டது. பின்னாளில் அரக்கோணத்துக்கு ராஜாளியும் உச்சிப்புளிக்குப் பருந்தும் வந்தன. வைரி என்ற பெயர் திரும்பி வரவில்லை. சூலூருக்கு 1961 செப்டம்பர் 5-இல் மறுபடி ஒரு கப்பல் கிடைத்தது: ஐ.என்.எஸ். ஹன்ஸா, அதாவது அன்னம். விக்ராந்த் கப்பலுக்கு உரிய சீ ஹாக், அலீஸே விமானங்கள் அங்கே நின்றன. 1964-இல் அது கோவாவின் தபோலிமுக்கு மாறியது. சூலூர் இப்போது விமானப்படைத் தளம். 2018-இல் தேஜஸ் போர் விமானங்களின் முதல் அணி அங்கே வந்தது. கடற்படை கோவையை முழுதாக விட்டுவிடவில்லை. ரெட்பீல்ட்ஸ் பகுதியில் மாலுமிகளுக்குத் தலைமைப் பயிற்சி தரும் ஐ.என்.எஸ். அக்ரணி, கப்பல் என்ற கணக்கிலேயே இருக்கிறது.