வியாழனுக்கு ரேடார் வெச்ச கதை

2023 ஜூலை முதல் வாரம். நல்ல சீசன். ஐந்தருவியில குளிச்சுட்டு ஈரத் துண்டோட பஜ்ஜிக் கடையில நின்னுட்டு இருந்தோம். சாரல் விட்டு, மலைக்கு மேல மேகம் விலகின இடத்துல பளிச்சுன்னு ஒரு வெளிச்சம். கூட வந்த அண்ணாச்சி, "என்னவே அது, ட்ரோனா? நின்ன எடத்துலயே நிக்கி"ன்னார். வெள்ளி கிரகம்னு சொன்னா நம்பலை. அவரைச் சொல்லிக் குத்தமில்லை. நம்ம ராணுவமே இதே வெள்ளியை ஆறு மாசம் சந்தேகப்பட்டிருக்கு!

2012 ஆகஸ்ட். லடாக்ல பாங்கோங் ஏரிப் பக்கம் காவல்ல இருந்த வீரர்கள், சீனப் பக்கத்து அடிவானத்துல மஞ்சளா ஏதோ எழும்பறதைப் பார்த்தாங்க. மெதுவா வானத்தைக் கடந்து, சில மணி நேரம் கழிச்சு மறையும். 1962-ல போர் நடந்த எல்லை ஆச்சே, உளவு விமானம்னு தோணாம இருக்குமா? 2013 பிப்ரவரிக்குள்ள 329 தடவை பார்த்ததா பதிவாச்சு. அதுல 155 தடவை எல்லையைத் தாண்டி உள்ள வந்துச்சாம்.

மலை உச்சிக்கு நடமாடும் ரேடாரைக் கொண்டு போனாங்க. கண்ணுக்குத் தெரியுது, திரையில ஒண்ணுமில்லை. ஆளில்லா விமானத்தை அதைப் பார்த்து ஏத்தினாங்க. முடிஞ்ச உயரம் போயும் எட்டலை. உடனே, அது உலோகமே இல்லை போலன்னு ஒரு பேச்சு.

ரேடார் பாவம், சரியாத்தான் சொல்லியிருக்கு. அது அனுப்பற அலை 150 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஆயிரத்துல ஒரு விநாடி ஆகும். 2012 டிசம்பர்ல வியாழன் நமக்குக் கிட்ட வந்தப்பவே சுமார் 61 கோடி கிலோமீட்டர். எதிரொலி வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், வந்தாலும் அந்தக் கருவிக்குக் கேட்காது.

1952 ஜூலையில வாஷிங்டன்ல நடந்தது வேற மாதிரி. அங்க ரேடார் திரையிலயே மர்மப் புள்ளிகள். ஜெட் விமானங்கள் விரட்டிப் போனா, புள்ளி காணாமப் போகும். குளிர்ந்த காத்துக்கு மேல சூடான காத்து படிஞ்சு ரேடார் அலையை வளைச்சிருக்கும்னு அமெரிக்க விமானப்படை விளக்கம் சொல்லுச்சு.

லடாக் முடிச்சை அவிழ்த்தது இந்திய வானியற்பியல் நிறுவனம். பழைய மெட்ராஸ் வானாய்வகத்தோட வாரிசு, கொடைக்கானல் வானாய்வகமும் இவங்களோடதுதான். லடாக்லயே ஹான்லேயில, நம்ம சந்திரசேகர் பேர்ல இவங்க தொலைநோக்கி இருக்கு. அந்தப் பொருள் எப்ப எழும்புது, எப்படி நகருதுன்னு பார்த்து, வியாழனும் வெள்ளியும்தான்னு சொல்லிட்டாங்க. 2012 ஆகஸ்ட்ல ரெண்டுமே விடியறதுக்கு முன்னாடி கிழக்கே, அதாவது சீனப் பக்கம், எழும்பின நேரம். அந்த உயரத்துல காத்து லேசு, இன்னும் பிரகாசமாத் தெரியும்.

சிரிக்கத் தோணும். ஆனா 2013 ஏப்ரல்ல அதே லடாக்ல, டெப்சாங்ல, ரெண்டு படையும் எதிரெதிரே கூடாரம் போட்டு மூணு வாரம் நின்னாங்க.

அண்ணாச்சி எல்லாத்தையும் கேட்டுட்டு, "சரிவே, அந்தப் பயலுவ அதைச் சுட்டிருந்தா?"ன்னார்.

வெள்ளிக்கு ஒண்ணும் ஆகியிருக்காது அண்ணாச்சி. குண்டு போய் விழற இடம் சீனப் பக்கம்.