விளையாட்டு அங்காடிகளும் மோட்களும்

கணினி விளையாட்டொன்றில் அதன் ஆட்டக்காரர்களே செய்து சேர்க்கும் மாற்றங்கள் மோட் எனப்படுகின்றன. புதிய உடை, புதிய வரைபடம், பிழைத்திருத்தம் முதல் முழுமையான புதுக்கதை வரை இவை பலவகைப்படும். விளையாட்டை விற்கும் இணைய அங்காடியே இவற்றையும் வழங்கலாமா என்ற கேள்வி, 2015 ஏப்ரலில் பெரும் சர்ச்சையாக மாறியது.

தொடக்க காலம்

1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட டூம் விளையாட்டில், வரைபடங்களும் படங்களும் ஒலிகளும் இயக்க நிரலிலிருந்து பிரிக்கப்பட்டு 'வாட்' என்னும் தனிக் கோப்பில் வைக்கப்பட்டிருந்தன. எனவே மூல நிரலைத் தொடாமலேயே ஆட்டக்காரர்கள் புதிய களங்களை உருவாக்கிப் பகிர்ந்துகொண்டனர். வால்வ் நிறுவனம் உருவாக்கி 1998இல் வெளியான ஹாஃப்-லைஃப் விளையாட்டுக்கு, மின் லே, ஜெஸ் கிளிஃப் ஆகியோர் 1999இல் உருவாக்கிய மோட்தான் கவுன்டர்-ஸ்ட்ரைக். வால்வ் அதன் உரிமையைப் பெற்று 2000இல் தனி விளையாட்டாக விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அக்காலத்தில் மோட்களைப் பாதுகாத்து வழங்கியவை பெரும்பாலும் ஆர்வலர்களின் தளங்களே. 2001இல் ரசிகர் தளமாகத் தோன்றிப் பின்னர் நெக்சஸ் மோட்ஸ் என வளர்ந்த தளம் இவற்றுள் குறிப்பிடத்தக்கது.

அங்காடியின் வருகை

வால்வ் 2003இல் தொடங்கிய ஸ்டீம் அங்காடியில், 2011 அக்டோபரில் ஸ்டீம் ஒர்க்‌ஷாப் என்னும் பகுதி சேர்க்கப்பட்டது. 2012 பிப்ரவரியில் பெதஸ்தா நிறுவனத்தின் ஸ்கைரிம் விளையாட்டும் இதில் இணைந்தது. கோப்புகளைத் தேடி எடுத்து உரிய அடைவில் வைக்கும் சிரமம் நீங்கி, ஒரே சொடுக்கில் மோட் நிறுவப்பட்டது. புதுப்பிப்புகளும் தாமாகவே வந்தன.

இவ்வசதிக்கு மறுபக்கமும் உண்டு. ஆட்டக்காரர் விரும்பாத நேரத்தில் வரும் புதுப்பிப்பு, பாதியில் சேமித்து வைத்த ஆட்டத்தைக் குலைத்துவிடக்கூடும். அதே விளையாட்டை வேறு அங்காடியில் வாங்கியவருக்கு ஒர்க்‌ஷாப்பின் கதவு பெரும்பாலும் மூடியே இருந்தது.

2015: நான்கு நாள் சந்தை

2015 ஏப்ரல் 23 அன்று ஸ்கைரிம் மோட்களை ஒர்க்‌ஷாப்பில் விலைக்கு விற்க வால்வும் பெதஸ்தாவும் அனுமதித்தன. விற்பனைத் தொகையில் 30 விழுக்காடு வால்வுக்கும் 45 விழுக்காடு பெதஸ்தாவுக்கும் சென்றன. ஆக்கியவருக்குக் கிடைத்தது 25 விழுக்காடு. நான்கு டாலருக்கு விற்றால் உழைத்தவர் கைக்கு ஒரு டாலர்.

பங்கீட்டைவிடச் சிக்கலானது உரிமைக் கேள்வி. மோட்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்படுபவை. ஒருவர் இலவசமாகத் தந்த அசைவுப் படங்களை மற்றவர் தம் ஆக்கத்தில் பயன்படுத்துவது வழக்கம். விற்பனைக்கு வந்த மீன்பிடி மோட் ஒன்று, இவ்வாறு வேறொருவரின் ஆக்கத்தைச் சார்ந்திருந்ததால் உடனே விலக்கப்பட்டது. எதிர்ப்பு மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். ஏப்ரல் 27 அன்று திட்டம் கைவிடப்பட்டு, வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது.

பிந்தைய வழிகள்

2017இல் பெதஸ்தா தொடங்கிய கிரியேஷன் கிளப், ஏற்கெனவே இலவசமாக உலவிய மோட்களை ஏற்கவில்லை; புதிதாக உருவாக்கப்பட்டவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து விற்றது. ஃபால்அவுட் 4 விளையாட்டின் மீது கட்டப்பட்ட ஃபால்அவுட் லண்டன் என்னும் பெரிய மோட், 2024 ஜூலையில் ஜிஓஜி அங்காடியின் வழியாக இலவசமாகவே வெளியானது.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கைரிம் மோட்கள் மூன்றாண்டுகளுக்கும் மேலாக இலவசமாகக் கிடைத்தபோது இத்தகைய எதிர்ப்பு எழவில்லை. பலர் கூடிப் பகிர்ந்த உழைப்புக்கு, யாருடையது என்று தீர்மானிக்கும் முன்பே விலை வைக்கப்பட்டபோதுதான் அது எழுந்தது. அங்காடி மோட்களுக்கு இடம் தருவதில் தவறில்லை. ஆக்கியவரின் உரிமையும், வேறு தளங்களில் பகிரும் சுதந்திரமும் காக்கப்படுகின்றனவா என்பதே பார்க்கவேண்டியது.