பொன்னியின் செல்வனுக்கு எத்தனை அட்டை?

மர்பி டவுனில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ‘பொன்னியின் செல்வன்’ பைண்டு வால்யூம்கள் இருக்கின்றன. அவருடைய அப்பா கல்கி இதழிலிருந்து வாராவாரம் பிரித்துச் சேர்த்தவை. அட்டையில் படமே கிடையாது. பழுப்புக் காலிகோ துணிதான். உள்ளே புரட்டினால் மணியத்தின் ஓவியங்கள்!

1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை வந்த தொடர் அது. படம் போடுவதற்காக மணியம் கல்கியோடு இலங்கை வரைக்கும் போய்ப் பார்த்து வந்தார். வந்தியத்தேவனின் முகமும் நந்தினியின் கொண்டையும் அவர் தூரிகையிலிருந்துதான் நம் மனதில் ஏறின.

1990களின் கடைசியில் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாயின. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். காமர்ஸ் படித்தவனுக்கு இது சட்டென்று புரியும்: எல்லாக் கடையிலும் ஒரே சரக்கு என்றால் போட்டி விலையிலும் உறையிலும்தான். ஐந்து பாகத்துக்கும் ஆளாளுக்கு ஐந்து அட்டை போட்டார்கள்.

ஆனால் நாட்டுடைமையானது எழுத்து மட்டும்தான். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியம் தனிப் படைப்பு. வரைந்தவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் உரிமை நிற்கும். மணியம் மறைந்தது 1968இல். அனுமதி இல்லாத பதிப்பாளர் வேறு ஓவியரைத்தான் தேட வேண்டும்.

என்னிடம் இருப்பது அப்படி ஒரு பதிப்பு. பளபள அட்டையில் வேறு யாரோ வரைந்த நந்தினி. கொண்டை மட்டும் அதே கொண்டை! புரட்டிப் பார்த்தேன். அட்டை வரைந்தவர் பெயரும் இல்லை, மணியத்தின் பெயரும் இல்லை.

பேங்க் பாஷையில் சொன்னால், கடன் வாங்கியாயிற்று, பேரேட்டில்தான் எழுதவில்லை.