மருத்துவமனையில் கதிரியக்கப் பொருட்கள்: வகைகளும் பொறுப்புகளும்

நோயைக் கண்டறியவும் சிகிச்சை அளிக்கவும் மருத்துவமனைகளில் இருவகைக் கதிரியக்கப் பொருட்கள் பயன்படுகின்றன. உங்களுக்குப் பயன்படுத்தப்படுவது எவ்வகை என்பதைப் பொறுத்தே, வீடு திரும்பியபின் கடைப்பிடிக்க வேண்டியவை அமையும்.

மூடிய வகை

கதிரியக்கப் பொருள் உலோக உறைக்குள் அடைக்கப்பட்டிருக்கும். புற்றுநோய்ச் சிகிச்சைக்கான கோபால்ட்-60, இரிடியம்-192 ஆகியவை இவ்வகையின. கோபால்ட் கருவியிலிருந்து கதிர்கள் மட்டுமே உடலில் படுகின்றன. இரிடியம் உடலுக்குள் சிறிது நேரம் வைத்து வெளியே எடுக்கப்படுகிறது. இச்சிகிச்சைகளுக்குப்பின் உடலில் கதிரியக்கம் தங்காது. அன்றே குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம்.

திறந்த வகை

இவை ஊசி, திரவம் அல்லது மாத்திரை வடிவில் உடலுக்குள் செலுத்தப்படும். ஸ்கேன் பரிசோதனைக்கான டெக்னீசியம்-99எம் 6 மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. தைராய்டு சிகிச்சைக்கான அயோடின்-131 பாதியாகக் குறைய 8 நாட்கள் ஆகும். சிறுநீர், வியர்வை, உமிழ்நீர் வழியாகவும் இது வெளியேறும்.

மருத்துவமனையின் பொறுப்புகள்

• அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் பெறுதல். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரை நியமித்தல்.
• பணியாளர் பெறும் கதிர்வீச்சை அளவுப் பட்டை கொண்டு கண்காணித்தல். 5 ஆண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டையும், எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டையும் தாண்டலாகாது. செவிலியர் உங்கள் அருகில் சிறிது நேரமே நிற்பது இதனால்தான், அலட்சியத்தால் அன்று.
• பயன்பாடு முடிந்த பொருளை உரிய முறையில் ஒப்படைத்தல். 2010-இல் தில்லி மாயாபுரியில், பழைய இரும்பாக விற்கப்பட்ட கருவியிலிருந்த கோபால்ட்-60 ஓர் உயிரைப் பறித்தது.

அயோடின்-131 பெறுவோரின் பொறுப்புகள்

• கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என ஐயமிருந்தாலோ முன்னதாகவே தெரிவியுங்கள். கர்ப்பிணிகளுக்கு இச்சிகிச்சை அளிக்கப்படுவதில்லை.
• தாய்ப்பால் கொடுப்பதைச் சிகிச்சைக்கு முன்பே நிறுத்த வேண்டும். அக்குழந்தைக்கு மீண்டும் தொடரக் கூடாது.
• மருத்துவர் குறிப்பிடும் நாட்கள்வரை தனியே உறங்குங்கள்; குழந்தைகள், கர்ப்பிணிகளிடமிருந்து விலகியிருங்கள்.
• ஆண்களும் அமர்ந்தே சிறுநீர் கழித்து, கழிப்பறையில் இருமுறை நீர் விடுங்கள்; கைகளை நன்கு கழுவுங்கள்.

உடனிருப்பவர் கவனத்திற்கு

நோயாளியை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. தொலைவு இரு மடங்கானால் படும் கதிர்வீச்சு ஏறத்தாழ கால் பங்காகக் குறையும். சற்றுத் தள்ளி அமர்ந்து பேசலாம், உணவு தரலாம்.

வீடு திரும்பும் முன், “எந்தப் பொருள் தரப்பட்டது? எத்தனை நாள் கவனம் தேவை?” எனக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டு, எழுதிப் பெற்றுக்கொள்ளுங்கள்.